தடம் எண் 4127

புகார் திங்கட்கிழமை வந்தது.
தீவிரம்: நடுத்தரம்.
"எந்த ராடாரும் பார்க்காத ஒரு படகு
ஐந்து மணி நேரம் எங்கள் திரையில் போயிருக்கிறது.
மென்பொருள் கோளாறு. சரிசெய்யவும்."
கீழே தொழில்நுட்ப அதிகாரி ஹோவ்டேயின் கையொப்பம்.

கொங்ஸ்பெர்க்கில் எனக்கு மூன்றாவது மாடி.
ஜன்னலுக்கு வெளியே பனி வாரும் வண்டி
மூன்று மணிக்கே விளக்குப் போட்டுவிடும்.
போர்க்கப்பலில் நான் கால் வைத்தது இரண்டே முறை,
இரண்டு முறையும் அது துறையில் கட்டிக் கிடந்தது.
ஆனாலும் அதன் வயிற்றுக்குள் எங்கோ
என் எண் ஒன்று இருக்கிறது: தொண்ணூறு.

ராடார் ஒன்றைத் தவறவிட்டால்
உடனே அழித்துவிடாதே.
அலைக்குப் பின்னால் இருக்கலாம், பனிமழைக்குள் இருக்கலாம்.
கடைசியாகத் தெரிந்த திசையில்,
கடைசியாகத் தெரிந்த வேகத்தில்
தொண்ணூறு விநாடி நகர்த்திக்கொண்டு போ,
பிறகு கைவிடு.
இதை எழுதிய அன்று எனக்குச் சளி.
அறுபதா தொண்ணூறா என்பதை
மீன் சூப் ஆறுவதற்குள் பேசி முடித்தோம்.

பதிவுக் கோப்பைத் திறந்தேன்.

01:10:30. தடம் 4127. மீன்பிடிப் படகு.
நடுநிலை, பச்சைச் சதுரம்.
ஆறு நாட் வேகத்தில் போட்ஸ்ஃபியூர் துறைமுகம் நோக்கி.
அந்த நொடியில் எதிரொலி நின்றுபோனது.
தொண்ணூறு விநாடி என் எண் அதைச் சுமந்தது.
01:12:00. கைவிட்டது.

கப்பல் வளைந்து திரும்பியதும்
ஹெலிகாப்டர் எழும்பியதும் வேறு கோப்பு.
அதைத் திறக்க எனக்கு அனுமதி இல்லை.
செய்தித்தாளில் படித்ததுதான்:
மூன்று பேர். கிடைத்தது ஒருவர்.

01:12:08. மேசை ஏழு. கைப்பதிவு, புதிய தடம்.
எண்ணைக் கணினி கொடுக்கவில்லை,
தட்டச்சு செய்திருக்கிறாள்: 4127.
பயனர்: ப்ரெக்ஹூஸ், சுன்னிவா.
கையால் வைத்த புள்ளிக்கு ஆயுள் இரண்டு நிமிடம்.
01:14. மறுபடி வைத்தாள்.
01:16. மறுபடி.
ஒவ்வொரு முறையும் இது யார் என்று இயந்திரம் கேட்கும்.
அதற்குத் தெரிந்தவை நான்கே சொற்கள்:
நட்பு, பகை, நடுநிலை, தெரியவில்லை.
நூற்றைம்பது முறை கேட்டிருக்கிறது.
நூற்றைம்பது முறையும் நட்பு.

நீல வட்டமாக அது போய்க்கொண்டிருந்தது.
பீரங்கிக்கான கணக்கு
அதன் தூரத்தை நொடிக்கு நொடி அளந்தது.
யாரும் இல்லாத ஒரு படகை
இவ்வளவு துல்லியமாக யாரும் அளந்திருக்க மாட்டார்கள்.

05:25இல் ஒரு திருப்பம், இடப்பக்கம், பதினோரு பாகை.
ஏன் என்று புரியாமல்
கடல் வரைபடத்தை மேலே போட்டுப் பார்த்தேன்.
அங்கே ஒரு பாறை.

05:50இல் வேகத்தைக் குறைத்திருக்கிறாள்.
ஆறு மணிக்கு அவள் காவல் முடிந்தது,
மேசை ஏழில் இருந்து எழுந்திருக்கவில்லை.
06:12. அலைதாங்கிக்கு உள்ளே. வேகம் பூஜ்யம்.
தடம் நீக்கு.
நீக்கினால் காரணம் சொல்ல வேண்டும்.
இரட்டைப் பதிவு, பயிற்சி முடிவு, தவறான எதிரொலி
என்று ஏதோ நான்கைந்து வைத்திருந்தோம்.
கர்சர் பட்டியல் முழுக்க இறங்கி, ஏறி,
நாற்பது விநாடி கழித்து
'இதர' என்பதில் நின்றிருக்கிறது.

வேத்லே காபிக் கோப்பையோடு வந்து எட்டிப் பார்த்தான்.
பிழையா?
இல்லை, என்றேன்.
அப்படியானால் இயக்கியவரின் தவறு என்று போட்டு மூடு, என்றான்.
அப்படிப் போட்டால் அது ஹோவ்டேயிடம் போகும்,
அங்கிருந்து அவள் பெயருக்குப் போகும்.

"மீண்டும் உருவாக்க முடியவில்லை" என்று எழுதினேன்.
புகார் மூடப்பட்டது.
தொண்ணூறைத் தொடவில்லை.

அடுத்த பதிப்புக்கு ஒரே ஒரு மாற்றம் கேட்டிருக்கிறேன்:
நீக்கும் காரணங்களில் கூடுதலாக ஒரு வரி,
'துறை சேர்ந்தது'.
வியாழக்கிழமைக் கூட்டத்தில் கேட்பார்கள்,
போர்க்கப்பலில் இது எதற்கு என்று.
பதில் இன்னும் யோசிக்கவில்லை.